மிளகாய் காய்ந்த கூடாரம்

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்த மறுநாள், விருந்தாளிகள் படுத்த பதினொரு பாய்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஒரே ஓர் இரவு. நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாத ஓர் இரவு.

கண்டியில் ஓர் அரச அலுவலகத்தின் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். காலை எட்டரையிலிருந்து நாலேகால் வரைக்கும் எது எங்கே இருக்கிறது, யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாலேகாலுக்குப் பிறகு நான் எங்கே என்ற விசாரணை தொடங்கும். "பஸ் ஏறிட்டியா புள்ள?" "பாலத்துக்கு வந்துட்டியா?" "பாலத்துல நிக்குதா, நகருதா?" கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது என் மாமியார் பாலாம்பிகைக்குப் போக்குவரத்துப் பொலிஸை விட நன்றாகத் தெரியும்.

மாமி கொடுமைக்காரி இல்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டிருப்பேன். நான் பாலத்தைக் கடந்துவிட்டேன் என்று தெரிந்ததும் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கிறவரோடு என்னவென்று சண்டை போடுவது? வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோப்பை கைக்கு வரும். எட்டு வருடமாக ஒரு நாளும் அது ஆறியிருந்ததில்லை. அந்தச் சூட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு லேசாக மூச்சு முட்டும். இதை யாரிடம் சொல்ல முடியும்?

என் கணவர் சஞ்சீவுக்கும் ஓர் ஆசை இருந்தது. அது என் ஆசைக்கு நேர் எதிரானது என்பதுதான் எங்கள் பயணத்தின் கதை.

சஞ்சீவ் தன் அப்பா அழகமுத்துவோடு சேர்ந்து கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறார். குழாய், சீமெந்து, குளியலறைச் சாமான். பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்த துஷாந்துக்குப் பல்லேகலவில் டைல்ஸ் கடை. போன வருடம் துஷாந்தும் மனைவியும் ஏதோ ஒரு குளக்கரையில் கூடாரம் போட்டு, கையில் ஆளுக்கொரு கோப்பையோடு தூரத்தை வெறித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று பேஸ்புக்கில் வந்தது. 'தொலைந்து போகத் தெரிந்தவர்கள்' என்று கீழே எழுதியிருந்தான். அறுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். சஞ்சீவ் அந்தப் படத்தை என்னிடம் மூன்று தடவை காட்டினார்.

"பாரு துஷி. டைல்ஸ் விக்கிறவன்."

"பார்த்தேன்."

"தொலஞ்சு போறானாம்."

அதற்குப் பிறகு வீட்டுக்குப் பார்சல்கள் வரத் தொடங்கின. கூடாரம், மடக்குக் கதிரை இரண்டு, நெற்றியில் கட்டும் டோர்ச், பெரிய தொப்பி, கரியில் வாட்டும் அடுப்பு. கூடாரத்தை எங்கள் வீட்டு மொட்டை மாடிச் சிலப்பில் விரித்து ஒத்திகை பார்த்தார். சரியாக நின்றது. மறுநாள் பார்த்தால் உள்ளே மாமி இரண்டு கிலோ செத்தல் மிளகாயைப் பரப்பி வைத்திருந்தார்.

"நல்ல சாமான் தம்பி. காக்கா வராது, தூசி வராது, மழ வந்தா ஓடிப்போய் அள்ளத் தேவையில்ல. இன்னொன்னு வாங்கு."

பெரஹரா பார்க்கத் தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த என் அம்மா சுப்பம்மாவும் மேலே ஏறி அதைப் பார்த்தாள். போன வருட மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் பாதி போய், பள்ளிக்கூட மைதானத்தில் நிவாரணக் கூடாரத்தில் இருபத்துமூன்று நாள் கிடந்தவள் அவள். கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்கள அதுல இருந்து எறக்குறதுக்கு நீ எத்தன கடுதாசி எழுதுன. இப்ப நீங்களே காசு குடுத்து ஏறுறீங்களா?"

"இது வேறம்மா. இது சந்தோசத்துக்கு."

"ஓ," என்றாள் அம்மா. "எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லலியே."

சஞ்சீவ் போட்ட வழி இது: பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனை, அங்கிருந்து கல்லோயா தேசியப் பூங்கா, முதல் இரவு அங்கே. பிறகு பொத்துவில், அறுகம்பை. அது இரண்டாம் இரவு. மூன்றாம் இரவு பாணமை தாண்டி, குமணப் பூங்காவின் ஓரத்தில், காடும் கடலும் சேரும் இடத்தில். அந்த இடத்தில் போன் எடுக்காது என்று அவர் கவலையோடு சொன்னார். நான் அந்த இடத்தின் பெயரை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் என்ன சொல்வது? புருஷனும் பெண்டாட்டியும் காட்டில் போய்த் தரையில் படுக்கப்போகிறோம் என்றால் மாமி காரணம் கேட்பார். காரணம் இல்லை என்றால் டொக்டரிடம் கூட்டிப்போவார். சஞ்சீவுக்கு அந்தக் கவலை இல்லை. போய் இறங்கியதும் படம் போடுவார், உலகம் பார்க்கும், அம்மாவும் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். படம் போட்டால் என் இரவு போய்விடும். அதனால் இரவுச் சாப்பாட்டின்போது மாமி "லீவு போட்டிருக்கீங்களாமே, எங்க போறீங்க?" என்று கேட்டதும், சஞ்சீவ் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கதிர்காமத்துக்கு மாமி. ஒரு நேர்த்திக்கடன் இருக்கு."

சஞ்சீவின் கையில் புட்டு அப்படியே நின்றது. கோயிலுக்குப் போகிறவன் கூடாரப் படம் போட முடியாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"என்ன நேர்த்தி?"

"சொல்லக் கூடாதுன்னு நேர்த்தி மாமி."

மாமியின் கண் ஒரு கணம் என் வயிற்றில் விழுந்து எழும்பியது. எட்டு வருடமாக அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்போதும் கேட்கவில்லை. எழுந்து போய் சுவாமி அறையில் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தார்.

என் தவறு அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. நுவரெலியாவுக்குப் போகிறோம் என்றிருந்தால் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி விட்டிருப்பார்கள். கதிர்காமம் எங்கள் ஆட்கள் யாரையும் தனியாகப் போக விடாத ஊர். ஒருவர் போனால் தெருவே அவர் கையில் போகும். முதலில் மாமி மஞ்சள் துணியில் காணிக்கைக் காசை முடிந்து தந்தார். பிறகு முன்வீடு. பிறகு தையல்கடைக்காரி. கண்ணில் பூ விழுந்த ஒருவர் வெள்ளியில் செய்த கண் ஒரு சோடி தந்தார். தெல்தோட்டையிலிருந்து அம்மா பஸ் கொண்டக்டர் கையில் முடிச்சுகளைக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுக் கடதாசி. பக்கத்து வீட்டுக் கைரியா சாச்சி சந்தனக்குச்சிப் பெட்டியோடு வந்தார்.

"அங்கன பள்ளிவாசலும் ஈக்கிது மகள். வாசல்ல பத்த வெச்சிட்டு எங்கட பேரச் சொல்லுங்கோ. எங்கட உம்மா காலத்துல இரிந்து அனுப்புறது."

புறப்படும் நாள் காலையில் மாமி எங்கள் ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

"தம்பி, நேர்த்திக்குப் போறவங்க பெட்டியில சொசேஜஸ் எப்படி வந்துச்சு?"

"அது சோயா மா."

மாமி மணந்து பார்த்தார். "சோயாவுக்குக் கோழி வாசம் அடிக்குது." அதை எடுத்து வைத்துவிட்டு, புளிச்சோறும் அவித்த கடலையும் ஏழு கத்தரிக்காயும் வைத்தார். சொசேஜஸை மாமா மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கார் மாமியின் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கு வேண்டும் என்பதால் கடை வேனில்தான் போனோம். அதன் இரு பக்கமும் 'அழகமுத்து ஹார்ட்வெயார், கட்டுகஸ்தோட்டை' என்று மஞ்சளில் பெரிதாக எழுதி, கீழே மூன்று தொலைபேசி இலக்கங்கள். பின்கதவில் வெள்ளைக் கழிப்பறைக் கொமட் ஒன்றின் படம். புறப்படும்போது மாமா தன் வாழ்க்கையில் எனக்குச் சொன்ன மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "போர்ட்ட மறைச்சு நிப்பாட்டாதீங்க, வெளம்பரம்."

நேர்த்தி முடிச்சுகளைப் போட்ட பை என் மடியில் இருந்தது. பின்னால் வைத்தால் கால் படும் என்று மாமி சொல்லியிருந்தார்.

கல்லோயாவில் நீர்த்தேக்கத்தில் படகில் போனோம். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு யானைகள் நீந்திக்கொண்டிருந்தன. தும்பிக்கை மட்டும் வெளியே தெரிய, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல். நான் அவற்றைப் பார்த்தேன். சஞ்சீவ் போனைப் பார்த்தார். போட முடியாத படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்தார். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பார்ப்பதற்கு ஆள் இல்லாத அழகு அவருக்கு வயிற்றுவலி போல இருந்தது.

மாலையில் கூடாரத்தை விரித்ததும் இருவரும் தும்மத் தொடங்கினோம். அதன் தையல் இடுக்கெல்லாம் மிளகாய். தட்டினோம், கழுவினோம், போகவில்லை. சஞ்சீவ் தன் புதிய அடுப்பில் கரி மூட்டி, கண்ணீரோடு கத்தரிக்காய் வாட்டினார்.

ஆறு மணிக்கு மாமி வீடியோவில் வந்தார். நாங்கள் மகியங்கனையில் யாத்திரீகர் மடத்தில் தங்குவதாகச் சொல்லியிருந்தோம். சஞ்சீவ் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, முகாமில் வெள்ளையடித்திருந்த ஒரே சுவரின் முன்னால் போய் நின்றார். அது கழிப்பறைச் சுவர்.

"மடம் சுத்தமா இருக்கு தம்பி."

"புது பெயின்ட் மா."

உள்ளே யாரோ தண்ணீரை இழுத்துவிட்டார்கள்.

"அது என்ன சத்தம்?"

"மகாவலி மா."

மாமி திரையிலிருந்தபடியே மகாவலியைக் கும்பிட்டார். முதல் இரவு அப்படிப் போயிற்று. மாமியைப் பொறுத்தவரை நான் மகியங்கனை மடத்தில் இருந்தேன். பொய்யான இடமாக இருந்தாலும் அவர் மனதில் என்னை வைக்க ஓர் இடம் இருந்தது. அந்த இரவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அறுகம்பை இரண்டாம் இரவு. தனிமையைத் தேடி வந்தவர்கள் கூடாரத்தோடு கூடாரம் ஒட்டி, கண்டி பஸ் நிலையம் போல நெருக்கமாகக் கிடந்தார்கள். பக்கத்துக் கூடாரத்துக் கொழும்புக்காரர் ஒருவர், வேலையை விட்டுவிட்டு இயற்கையோடு வாழப்போவதாகத் தன் முதலாளியிடம் போனில் லீவு கேட்டுக்கொண்டிருந்தார். சஞ்சீவ் கடலைப் பின்னணியாக வைத்து என்னைப் படம் எடுத்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் கொமட் விழுந்தது.

அப்போதுதான் ஒரு பெண் வேன் போர்டை வாசித்துக்கொண்டே ஓடி வந்தாள். கைரியா சாச்சியின் அக்கா மகள் ஆஸிகா. பொத்துவிலில் கலியாணம் முடித்தவள்.

"அல்லாஹ், துஷி தாத்தா! கதிர்காமம் போறண்டு சாச்சி சொன்னா. இங்க என்ன?" அக்காவைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம்.

"உகந்தை வழியா போறோம்," என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்வது என் தொழில், பதில் தானாக வந்துவிட்டது. உகந்தை என்பது கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குகிற இடம். பத்து நிமிடத்தில் செய்தி ஆஸிகாவிடமிருந்து சாச்சிக்கும், சாச்சியிடமிருந்து மதிலுக்கு மேலால் மாமிக்கும் போயிற்று. மாமி அழுதுகொண்டே போன் பண்ணினார்.

"நடந்தா போறீங்க? சொல்லவே இல்லியே புள்ள. கால் தாங்குமா?"

எங்கள் பொய்க்கு எங்களைவிட பக்தி அதிகமாகிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் பாணமையைத் தாண்டிக் கிரவல் பாதையில் போனோம். போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முகாம் என்பது மின்வேலி போட்ட ஒரு வெளி. ஓர் ஓரத்தில் காவலாளி சிறிபாலவின் குடிசை. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் கேட்டது. வேறு யாரும் வந்திருக்கவில்லை.

சஞ்சீவால் இருக்க முடியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார், வேன் கூரையில் ஏறினார். முந்தின நாள் இரவே அவர் பேஸ்புக்கில் 'குடும்பம் தவிர' என்று ஒரு தனிப்பட்டியல் போட்டிருந்தது எனக்குத் தெரியும். அவருடைய போனின் பூட்டு என் பிறந்தநாள்தான்.

"ஐஸ் முடிஞ்சிருச்சு துஷி. பாணமைக்குப் போய் வாங்கிட்டு ஒரு மணித்தியாலத்துல வந்துர்றேன். நீயும் வர்றியா?"

கத்தரிக்காய்க்கு எதற்கு ஐஸ் என்று நான் கேட்கவில்லை. நேரம் நாலரை. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், இது யானை நடமாடும் பாதை என்று நான் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. இதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'ஒருவருக்கும் தெரியாமல்' என்று நான் ஆசைப்பட்டபோது அந்த ஒருவரில் அவரும் இருந்தார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

"இல்ல, நான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

வேன் புழுதிக்குள் மறைந்தது. போர்டும், மூன்று இலக்கங்களும், கொமட்டும் அதோடு போயின.

மடக்குக் கதிரையைக் கடல் கேட்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இப்படியான நேரத்தில் மனிதர்கள் தங்களைச் சந்திப்பார்கள் என்று வாசித்திருக்கிறேன். காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வீட்டில் கேஸை மூடினார்களா என்று யோசித்தேன். பன்னிரண்டாம் இலக்க அறையின் சாவி என் மேசை இலாச்சியிலா, கைப்பையிலா என்று யோசித்தேன். பிறகு அதுவும் நின்றுபோனது. என் தோள்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதைக் கவனித்தேன். அவை இவ்வளவு காலமும் மேலே இருந்ததே எனக்குத் தெரியாது.

இருட்டும் நேரத்தில் சிறிபால ஒரு விளக்கோடு வந்தார். உன் மாத்தயா இன்னும் வரவில்லையே, வழியில் யானை நிற்கும், அது போகும்வரை வாகனத்தை விடமாட்டார்கள், காலையில் வந்துவிடுவார், பயப்படாதே என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கூடாரத்தை மோந்து பார்த்தார்.

"மிளகாயா?"

"ஆமாம்."

"யார் பூசினார்கள்?"

"மாமியார்."

"கெட்டிக்காரி," என்றார். "யானைக்கு இந்த வாசம் ஆகாது. வேலிக்கு மேலே இது இன்னொரு வேலி."

அவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. விளக்கை வைத்துவிட்டுத் தன் குடிசைக்குப் போனார்.

புளிச்சோற்றைச் சட்டியிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டேன். கூடாரத்துக்குள் போய் சிப்பை இழுத்து மூடினேன். தும்மினேன். அடுத்தடுத்துத் தும்மினேன். வீட்டில் என்றால் ஒவ்வொரு தும்மலுக்கும் மாமி "நூறு, நூறு" என்பார். அடுத்த நிமிடம் கொத்தமல்லித் தண்ணி வரும். இங்கே தும்மல் தும்மலாகவே முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். நேர்த்திப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கென்று தெரியாமல் தூங்கிப்போனேன். சஞ்சீவை நினைத்துக் கவலைப்பட வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கவலைப்படுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

விடிந்ததும் வேன் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு உழவு இயந்திரம். அதில் ஆஸிகாவின் புருஷன், வனவிலங்கு அதிகாரி ஒருவர், தடியோடு மூன்று பேர். சஞ்சீவ் இறங்கி ஓடி வந்தார். கண் வீங்கியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தார், அத்தனை பேருக்கும் முன்னால்.

"நீ உயிரோட இருக்க."

"ஏன், என்ன நடந்துச்சு?"

நடந்தது இது. பாணமையில் அவர் படங்களைப் போட்டு முடித்துத் திரும்பும்போது ஒற்றை யானை பாதையின் நடுவில் நின்றது. ஆறு மணிக்குப் பிறகு வனவிலங்குக்காரர்கள் ஒரு வாகனத்தையும் விடவில்லை. தலையில் இடி விழுந்த மாதிரி ஆகி அவர் அம்மாவுக்கு எடுத்தார். மகியங்கனை மடம் முதல் கழிப்பறை வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தார். நான் இருக்கும் இடத்தைப் போனில் அடையாளமாக அனுப்பினார். மாமிக்கு அதைத் திறக்கத் தெரியாததால் கைரியா சாச்சியிடம் ஓடினார். சாச்சி ஆஸிகாவுக்கு அனுப்பினார். ஆஸிகா தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் குழுவில் போட்டாள். சஞ்சீவ் 'குடும்பம் தவிர' பட்டியலுக்கும் உதவி கேட்டு எழுத, அதில் இருந்த துஷாந்த் எங்கள் கலியாணப் படத்திலிருந்து சஞ்சீவை வெட்டிவிட்டு, என்னை மட்டும் எடுத்து, கீழே வரைபடத்தையும் ஒட்டி, 'காட்டில் தனித்த எங்கள் சகோதரிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்று பதிவு போட்டான். விடியும்போது அதை ஆயிரத்து எண்ணூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். என் அலுவலகத்தின் பிரதம எழுதுவினைஞரும் ஒருவர்.

தெல்தோட்டையில் லயத்துக் கோயிலில் மணி அடித்திருக்கிறார்கள். கைரியா சாச்சி வீட்டில் யாசீன் ஓதியிருக்கிறார்கள். மாமா கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, வேனில் எழுதியிருந்த மூன்று இலக்கங்களுக்கும் வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மாமி, மகனுக்கு மொட்டை, மருமகளுக்குப் பாற்குடம் என்று புதிதாக நேர்ந்துகொண்டிருக்கிறார்.

போனை என் கையில் தந்தார் சஞ்சீவ். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் நான். ஒருவருக்கும் தெரியாமல் நான் சிரித்ததும் தும்மியதும் அந்தச் சிவப்புப் புள்ளிக்குள்தான்.

அழவேண்டும் போல இருந்தது. அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வனவிலங்கு அதிகாரி தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

அன்றே கதிர்காமம் போனோம், மொனராகலை வழியாக. முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தோம். பள்ளிவாசலில் சந்தனக்குச்சி பற்றவைத்தோம். நான் பாற்குடம் எடுத்தேன். சஞ்சீவ் மொட்டை போட்டார். மொட்டைத் தலையோடு வேனுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைத் தைரியமாக எல்லோருக்கும் பார்க்கப் போட்டார். துஷாந்தின் குளக்கரையை அது இரண்டு மடங்கால் வென்றது. 'மச்சான், அடுத்த தடவ நாங்களும் வர்றோம்' என்று துஷாந்தே கீழே எழுதியிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது மாமி ஏசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் தந்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"முருகன் பேரச் சொல்லிட்டு வேற எங்கயோ போனா அவரு சும்மா இருப்பாரா? அண்ணனை அனுப்பி ரோட்ட மறிச்சாரு. வள்ளிகிட்டயும் இதே வேலைதான் செஞ்சாரு."

"மன்னிச்சிருங்க மாமி."

"எனக்கென்ன. நீங்க போய்ச் சேந்தீங்கல்ல." என் கையிலிருந்த கோப்பையைத் தொட்டுச் சூடு பார்த்தார். "ராத்திரி முழுக்க ஒத்தையில. பயந்துட்டியா?"

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கவுண்டருக்கு வந்து பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்பதற்கு முன்பு இதைக் கேட்டார்கள். எல்லோருக்கும், பயந்தேன் என்றுதான் சொன்னேன். மாமியிடம் மட்டும் ஏனோ அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மாமி. தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா?"

"நல்லா."

மாமி என்னைப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். துணி எடுக்க மேலே போனேன். கூடாரம் மறுபடியும் சிலப்பில் நின்றது. மிளகாய்ப் பாய் வெளியே வெயிலில் கிடந்தது. சிப் உள்ளேயிருந்து மூடியிருந்தது. வாசலில் மாமியின் செருப்பு. அதற்குப் பக்கத்தில், திரை தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்த அவருடைய போன்.

நின்று கேட்டேன். உள்ளே ஒரு தும்மல். சற்றுப் பொறுத்து இன்னொன்று. நான் "நூறு" என்று சொல்லவில்லை.

கீழே வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. சஞ்சீவ் படியடியில் நின்று, முடி முளைக்கத் தொடங்கியிருந்த தலையைத் தடவிக்கொண்டு கத்தினார்.

"துஷி! தெல்தோட்டையில இருந்து உங்கம்மா. எங்கம்மாகிட்ட பேசணுமாம். போனும் எடுக்கிறாங்க இல்லயாம். அம்மா எங்க?"

செருப்பையும் போனையும் குனிந்து எடுத்தேன். துணிக்கூடைக்குள் போட்டு, மேலே ஒரு பெட்சீட்டால் மூடினேன்.

"தெரியலியே," என்றேன்.